கழற்றாத கண்ணி

தட்டை நீட்டினால்தான் அப்பா அடங்குவார் என்பது லாய்குவானுக்கு அன்று மதியத்துக்குள் பிடிபட்டுவிட்டது. வாந்தி வந்தால் பிடிப்பதற்காகக் கட்டிலோரம் வைத்திருந்த தட்டு அது. அதை அவர் நெஞ்சுக்கு நேரே ஏந்தியபடி நின்றாள். அவரோ இடது மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை வலது கை நகத்தால் நோண்டிக்கொண்டே இருந்தார். பெயரும் எண்ணும் அச்சடித்த பட்டை. கத்தரித்தாலொழியக் கழலாது. நோண்டி நோண்டி அந்த இடத்துத் தோல் சிவந்து கிடந்தது.

நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை பிய்த்தால் கைக்கு உறை மாட்டிக் கட்டிலோடு கட்டிவிடுவேன் என்று சொல்லிப் போயிருந்தாள். பட்டை உறுத்துகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அது உறுத்தல் இல்லை, கடை அடைக்கிற அவசரம் என்று நர்ஸிடம் எப்படிச் சொல்வது?

அப்பா, ஹாங்காங்கின் நாதன் சாலையில் மோக் முதலாளியின் கடிகாரக் கடையில் விற்பனையாளர். வேலைக்குச் சேர்ந்தபோது கறுப்பாக இருந்த தலை அங்கேயே நின்று நரைத்தது. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வெறுங்கைக்காரனிடம் எவனும் விலையுயர்ந்த கடிகாரம் வாங்கமாட்டான் என்பது முதலாளியின் கொள்கை. அதனால் காலையில் கடை திறந்ததும் தட்டிலிருந்து ஆளுக்கு ஒன்றை எடுத்துக் கட்டிக்கொள்ளவேண்டும். இன்றைக்கு ரோலெக்ஸ், நாளைக்கு ஒமேகா, நாளை மறுநாள் வேறொன்று. இரும்புக்கதவு இறங்குவதற்கு முன்பு அத்தனையும் தட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். முதலாளி எண்ணிப் பார்த்து உள்ளே வைத்துப் பூட்டுவார். அப்பா வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, "மணி என்ன?" என்று கேட்பார்.

"எண்ணிட்டாங்களா?" என்றார் அப்பா இப்போது. தொண்டையில் காற்றுதான் இருந்தது.

"எண்ணியாச்சுப்பா."

"என்னோடது இன்னும் வரலையே. முதலாளி நிக்கறாரு பாரு."

கட்டிலின் கால்மாட்டில் மருந்து ஏற்றுகிற கம்பி நின்றது. லாய்குவான் அதைப் பார்த்தாள். இந்த மனிதர் கடைசி நேரத்திலும் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க அல்லாடுகிறாரே என்று இருந்தது. குனிந்து அவர் காதருகில் சொன்னாள்:

"இது உங்களோடதுப்பா. திருப்பிக் குடுக்க வேணாம்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்துச் சிரித்தார். வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும் கடைக்கு வந்தவரை மரியாதையாக அனுப்பி வைப்பாரே, அந்தச் சிரிப்பு. மகள் என்று தெரிந்து சிரித்தாரா என்பதுகூட சந்தேகம்தான்.

"காலையில வந்து வாங்கிக்கறேன்," என்றார். பட்டையோடு கையைத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. கை கடுக்கும்வரை தட்டை ஏந்தி நின்றவள், பிறகு அதை மெத்தைமேல் அவர் கைக்கு அடியிலேயே வைத்தாள். பொழுது சாயும்போது அம்மா பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பிக்கொண்டு திரும்பினாள். வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை, மகளைக் கூப்பிடவுமில்லை.

"தட்டை எடுடி அவர் கையில இருந்து," என்றாள்.

*

ஹாங்காங்கில் செத்தாலும் வரிசையில்தான் நிற்கவேண்டும். தகனத்துக்கு நாள் கிடைக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் வீட்டில் வேறு பேச்சில்லை, எரிப்புச் சாமான் பேச்சுதான். போனவருக்கு அங்கே என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் காகிதத்தில் செய்து நெருப்பில் போட்டு அனுப்பவேண்டும். மாடி வீடு ஒன்று என்று அம்மா தொடங்கினாள். வாழ்நாள் முழுவதும் அரசாங்க அடுக்ககத்தில் குளியலறைக்கும் அடுப்புக்கும் நடுவே படுத்தவர். கார் ஒன்று. அவருக்கு ஓட்டத் தெரியாது, அதனால் டிரைவரோடு. வேலைக்காரன் ஒருவன், வேலைக்காரி ஒருத்தி. வேலைக்காரி முகம் சுமாராக இருந்தால் போதும் என்று அம்மா கண்டிப்பாகச் சொன்னாள். மாஜோங் ஆட ஒரு மேசை. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி.

"அப்புறம் ஒரு வாட்ச்," என்றாள். "அங்கயாவது சொந்தமா ஒண்ணு கட்டிக்கட்டும்."

எந்த வாட்ச் என்று யாரும் கேட்காமல் இருந்திருந்தால் நிம்மதி. தம்பி சீஹோ கேட்டான். அவன் மோங்கொக்கில் வீடு விற்றுக் கொடுக்கிற தரகன். எதிலும் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டான்.

அம்மாவுக்கு ரோலெக்ஸ், அதுவும் தங்கம். வேறு எதையும் அவள் கடிகாரமாகவே மதித்ததில்லை. அதற்கு ஒரு கதை இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு அப்பா அவளை முதன்முதலாகத் தேநீர் விடுதியில் சந்தித்தபோது கையில் தங்க ரோலெக்ஸ் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து ஓடிவந்தவர் கழற்ற மறந்திருக்கிறார். இரண்டாவது சந்திப்பில் கை மூளியாக இருந்தது. கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டார். "மூஞ்சியைப் பாத்து ஏமாந்தவ உண்டு, வாட்சைப் பாத்து ஏமாந்தவ நான் ஒருத்திதான்" என்று அம்மா இதை எல்லோரிடமும் சொல்வாள், அவரை வைத்துக்கொண்டே சொல்வாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கஞ்சி குடிப்பார்.

சீஹோ ஒத்துக்கொள்ளவில்லை. அனுப்புவதே அனுப்புகிறோம், உச்சத்தில் இருப்பதாக அனுப்பவேண்டும், பதேக் பிலிப்தான் என்றான். அவனுக்கும் ஒரு நாள் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அடிதடி செய்ததற்காக அவனை நீக்குவதாக இருந்தபோது, தலைமையாசிரியரைப் பார்க்க அப்பா கடையிலிருந்து நேரே வந்தார். அன்று கையில் இருந்தது பதேக். தலைமையாசிரியரின் கண் அப்பாவின் முகத்துக்குப் போவதற்கு முன் மணிக்கட்டுக்குப் போனது. பேச்சின் தோரணையே மாறிவிட்டது. நாற்காலி போட்டார்கள். பையனை மன்னித்தும்விட்டார்கள். கடிகாரம்தான் தன்னைக் காப்பாற்றியது என்பதில் சீஹோவுக்குச் சந்தேகமே இல்லை.

லாய்குவானுக்கு ஒமேகா. அவள் கல்யாண விருந்தன்று முதலாளியிடம் அனுமதி கேட்டு அப்பா கட்டிக்கொண்டு வந்தது அதைத்தான். பளபளப்பில்லாத எஃகுக் கடிகாரம். அன்று எடுத்த படத்தில் அவர் இடது கையை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு நிற்பார். அன்று மட்டுமா, எப்போதுமே அப்படித்தான். வீட்டில் வெறுங்கையோடு இருக்கும்போதும் அந்தக் கை மடங்கியேதான் இருக்கும். பிச்சைக்காரன் திருவோட்டைப் பிடித்த மாதிரி என்பாள் அம்மா. லாய்குவானோ, விருந்துக்கு வந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று இரவல் கடிகாரத்தை மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். இரவல் சேலைக்காரிக்கு அதன் தலைப்பே பாரம். அன்று அவளுக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் அவளுக்காக ஒருவரிடம் போய்க் கேட்டு வாங்கிவந்தது அது ஒன்றுதான்.

மூன்று பேரும் மூன்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றும் அவர் கட்டியதுதான். அதனால் ஒருவர் சொல்வது பொய் என்று இன்னொருவரால் சொல்ல முடியவில்லை.

"அவருக்கு எது பிடிக்கும்னு யாராவது கேட்டீங்களா?" என்றாள் லாய்குவான்.

யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

*

யாவ்மாத்தேயில் காகிதக் கடைகள் வரிசையாக இருந்தன. லாய்குவான் நுழைந்த கடையில் ஓர் அம்மாள் மதியச் சாப்பாட்டில் இருந்தாள். மேலே காகிதச் சட்டைகள் தொங்கின. தரையில் காகித நாய்க்குட்டி ஒன்று வால் மடங்கிக் கிடந்தது. இறந்தவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று அவள் கேட்டாள். சொன்னதும் வாய்க்குப் போன சாப்பாட்டுக் குச்சி பாதியில் நின்றது.

"வாட்ச் கடைக்காரருக்கா? அப்ப பாத்துத்தான் எடுக்கணும். சும்மா ஒண்ணைக் கட்டிவிட்டா அவரே கண்டுபிடிச்சிடுவாரு."

பெட்டிகளை எடுத்துப் பரப்பினாள். எல்லாம் அட்டை. மேலே தங்கத்தாளும் வெள்ளித்தாளும் ஒட்டி, முள்ளும் எண்ணும் அச்சிட்டு, பட்டையின் கண்ணிகளைக்கூட ஒவ்வொன்றாக மடித்துக் கோத்திருந்தார்கள். அதிகம் போவது ரோலெக்ஸ்தான் என்றாள். அந்த உலகத்து வாசலில் நிற்கிற பூதத்துக்கும் அந்தப் பெயர் தெரியும், கட்டிக்கொண்டு போனால் வழி விடுவான். பதேக் கட்டிக்கொண்டு போனால் இது என்ன, எவ்வளவு பெறும் என்று அங்கே ஒவ்வொருவனுக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒமேகா நல்ல மனிதர்கள் கேட்பார்கள், வாத்தியார்கள், டாக்டர்கள் என்றாள்.

லாய்குவான் மூன்றையும் பார்த்துக்கொண்டே நின்றாள். சின்ன வயதில் பள்ளி விட்டு அப்பா கடைக்குப் போய் மூலை முக்காலியில் உட்கார்ந்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. வருகிறவர்கள் இரண்டு பெயர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். இதா அதா என்று பெண்டாட்டியைக் கேட்பார்கள், நண்பனுக்குப் போன் செய்வார்கள். அப்பா இது உசத்தி அது மட்டம் என்று சொன்னதே இல்லை. "யாரு கைக்கு?" என்று மட்டும் கேட்பார். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றி அந்தக் கையில் கட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்க்காமல் கட்டியவர் முகத்தைப் பார்ப்பார். முடிவானதும் சின்னத் திருப்புளியை எடுப்பார். பட்டையில் கூடுதலாக இருக்கிற கண்ணிகளைக் கழற்றிக் கைக்கு அளவாக்குவார். கழற்றியதை ஒரு குட்டிப் பையில் போட்டு இரண்டு கையாலும் நீட்டுவார். இதுவும் உங்களுடையதுதான், தொலைத்துவிடாதீர்கள், உடம்பு வைத்தால் தேவைப்படும் என்பார். அந்த நேரத்தில் மட்டும் அவர் குரலில் ஒரு நிறைவு இருக்கும். அவளுக்கு அது விற்றுவிட்ட சந்தோஷம் என்று தோன்றியிருந்தது.

யார் கைக்கு என்று இப்போது அவர் கேட்டால் உங்கள் கைக்குத்தான் என்று சொல்லலாம். அந்தக் கையைப் பற்றி மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டால் அவளிடம் பதில் கிடையாது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்து இதுகூடத் தெரியாமல் போயிற்றே என்று கடையிலேயே கண் நிறைந்துவிட்டது. கடைக்கார அம்மாள் அதைப் பார்த்துப் பழகியவள். காகிதக் கைக்குட்டைக் கட்டை நகர்த்திவிட்டுச் சோற்றைத் தொடர்ந்தாள்.

லாய்குவான் ஒமேகாவை எடுத்துக்கொண்டாள். மற்ற இருவரிடமும் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

*

ஹுங்ஹாமில் சடங்கு மண்டபம். மாலையில் வந்தவர்கள் படத்துக்கு முன் மூன்று முறை குனிந்து வணங்க, வீட்டார் தரையில் அமர்ந்து பதிலுக்கு வணங்கினார்கள். மோக் முதலாளி வரவில்லை, மலர் வளையம் வந்தது. அதன் நாடாவில் கடையின் பெயர் பெரிதாகவும் அப்பாவின் பெயர் சிறிதாகவும் எழுதியிருந்தது. பின்கட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா கிடந்தார். இந்தப் பக்கமிருந்து பார்க்கலாம், தொட முடியாது.

மதியமே உடம்புக்கு அலங்காரம் செய்கிறவர் வெளியே வந்து, பெரியவருக்குப் பக்கவாதம் இருந்ததா என்று கேட்டிருந்தார். இடது முழங்கை நீட்டினால் நிற்கவில்லையாம், மடங்கிக்கொள்கிறதாம்.

"அது அப்படித்தான் இருக்கும். விடுங்க," என்றாள் அம்மா.

ஆகவே கண்ணாடிக்குப் பின்னும் அந்தக் கை வயிற்றின்மேல் மடங்கியே இருந்தது. உடுத்தியிருந்த நீல அங்கியில் பித்தான் கிடையாது, நாடாதான். உலோகம் எதுவும் உடம்போடு போகக்கூடாது. ஆஸ்பத்திரிப் பட்டை என்னவாயிற்று என்று லாய்குவான் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். அங்கியின் கை நீளமாக மூடியிருந்தது.

வந்தவர்கள் ஓரளவு கலைந்துபோனபின் ஃபூக் மாமா வந்தார். அப்பாவோடு அதே கடையில் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவர். கடை அடைத்துவிட்டு வருகிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவர் இடது மணிக்கட்டில் வளையம் போட்ட மாதிரி வெள்ளைத் தழும்பு இருந்தது. அப்பாவுக்கும் அதே இடத்தில் அப்படித்தான் இருக்கும். வணங்கிவிட்டு அம்மா பக்கத்தில் குட்டி முக்காலியில் உட்கார்ந்து, எல்லோரையும் போல எரிப்பதற்கான தங்கத்தாளை மடிக்கத் தொடங்கினார். அம்மாவை அண்ணி என்றும் அப்பாவை விங் அண்ணன் என்றும்தான் அவர் சொல்வார்.

பூசாரிகள் தாளம் தட்டி, போனவருக்கு வழி திறக்க ஓடு உடைக்கும் சடங்கை முடித்தார்கள். எரிக்கிற வேலைக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாடி வீடு, கார், டிரைவர், சுமார் முகத்து வேலைக்காரி எல்லாம் ஏறின. சின்னச் சாமான்களைச் சரிபார்த்தவர் மூன்று பெட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தார். லாய்குவானின் ஒமேகா. சீஹோ தானாகவே வாங்கி நுழைத்திருந்த பதேக். அம்மா மண்டபத்துக்காரரிடம் நேரடியாகச் சொல்லி வரவழைத்த தங்க ரோலெக்ஸ். மூன்று பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கெட்டிக்காரர்களாகியிருந்தார்கள்.

"பெரியவருக்கு எத்தனை கை?" என்றார் வேலைக்காரர்.

பெரியம்மா மகள் ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். சீஹோவுக்கு முகம் சிவந்துவிட்டது. சரி, மூன்றும் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்றான்.

"மூணும் போகக்கூடாது," என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "மூணைப் பாத்தாருன்னா அங்கயும் தட்டுல அடுக்கி வச்சுக்கிட்டு விக்க உக்காந்துடுவாரு. ஒண்ணுதான் போகணும்."

ஒன்றுதான் என்று ஆயிற்று. ஆனால் எது அந்த ஒன்று? மறுபடி தொடங்கியது. இந்த முறை கிசுகிசுப்பாக, தாளச் சத்தத்துக்கு அடியில். சீஹோ ரோலெக்ஸைப் பார்த்து, அது மீன் மார்க்கெட் முதலாளிகள் கட்டுவது என்றான். அப்படியானால் மீன் மார்க்கெட் முதலாளியையே அப்பாவாகத் தேடிக்கொண்டிருக்கலாமே என்றாள் அம்மா. அப்பா கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கிறார், இங்கே அவர் கையை மூன்று பேர் மூன்று பக்கம் இழுக்கிறோம் என்று லாய்குவானுக்குத் தோன்றியது. எரிக்கிற வேலைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வீட்டு வண்டி பின்னால் நின்றது.

"ஃபூக் மாமா," என்றாள் லாய்குவான். "அப்பாவுக்கு எது பிடிக்கும்? காலையில தட்டுல இருந்து எதை எடுப்பாரு?"

ஃபூக் மாமா மடித்துக்கொண்டிருந்த தங்கத்தாளைக் கூடையில் போட்டார். சீஹோவும் அம்மாவும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"பேரைப் பாத்து எடுக்கமாட்டாரும்மா. பட்டையைப் பாத்துதான் எடுப்பாரு. இருக்கறதுலயே சின்னப் பட்டை எதுன்னு."

"ஏன்?"

"எதுவுமே அண்ணன் கையில நிக்காது. குச்சிக் கை. கண்ணி ரெண்டு எடுத்தாத்தான் நிக்கும். எடுக்க முடியுமா? கடைச் சரக்கு. நாளைக்கு வாங்கறவன் கை எம்மாம் பெருசோ. கண்ணி எடுக்காத வரைக்கும் அது சரக்கு. எடுத்துட்டா எடுத்தவனோடது." தன் இடது கையை மடக்கி வயிற்றோடு வைத்துக் காட்டினார். "இப்படி வச்சாத்தான் வழுக்கிக் கீழ விழாது. காலையில இருந்து கதவு இறங்கற வரைக்கும் இப்படியேதான் நிப்பாரு. நாங்க கேலி பண்ணுவோம்."

லாய்குவான் எழுந்து நின்றாள், பிறகு எதற்காக எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தாள். கல்யாணப் படம் கண்முன் வந்தது. மறைக்கவில்லை அவர். கீழே விழாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சீஹோ கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிக்கொண்டான். தலைமையாசிரியர் அறையிலும் அந்தக் கை மடங்கித்தானே இருந்திருக்கும்.

அம்மா மட்டும் அசையவில்லை.

"சொல்லவே இல்லையே இந்த மனுஷன்," என்றாள். "திருவோடு திருவோடுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லலையே."

ஃபூக் மாமா முன்னால் குனிந்து ஒரு பெட்டியைத் திறந்தார். கைக்கு முதலில் அகப்பட்டது அம்மாவின் ரோலெக்ஸ். சீஹோ வாயைத் திறக்கவில்லை. லாய்குவானும் தன் ஒமேகா பெட்டியைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு அது எந்தப் பெயராக இருந்தாலும் சரி என்றிருந்தது. கண்ணி கழற்றவேண்டும், அது ஒன்றுதான் வேண்டும்.

"அளவு வேணுமே," என்றார் ஃபூக் மாமா. கண்ணாடியைப் பார்த்தார். அங்கே போய் அளக்க முடியாது. அங்கிக் கை வேறு மூடியிருந்தது. சுமாராக இவ்வளவு இருக்கும் என்று தன் விரல்களை விரித்தார், பிறகு சுருக்கினார். கடைசி மாதங்களில் இன்னும் இளைத்திருப்பாரே என்றார்.

"இவ்வளவு."

அம்மா சொன்னாள். வலது கையின் கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து ஒரு வளையம் செய்து நீட்டியிருந்தாள். விரல் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. கழிப்பறைக்கு அழைத்துப் போக, மாத்திரைக்கு எழுப்பி உட்காரவைக்க, ராத்திரி பட்டையைப் பிய்க்காமலிருக்க அவள் பிடித்த பிடி அது. அந்த வளையம் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதற்குள் இல்லாத ஒரு கை இருப்பதைப் போலவே இருந்தது.

ஃபூக் மாமா காகிதப் பட்டையை அந்த விரல்களைச் சுற்றி வைத்துப் பார்த்தார். தொளதொளவென்று தொங்கியது.

"ரெண்டு பக்கமும் எடுக்கணும்," என்றார். "ஒரே பக்கம் எடுத்தா முகம் சாஞ்சிடும்."

லாய்குவான் தாள் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தாள். அவர் நகத்தால் காட்டிய இடத்தில் வெட்டினாள். இந்தப் பக்கம் ஒரு கண்ணி, அந்தப் பக்கம் ஒரு கண்ணி. மறுபடி வைத்துப் பார்த்தார்கள். இன்னும் இடம் இருந்தது. இன்னொரு ஜோடியும் எடுத்தாள். உறை ஒட்டுகிற பசையைத் தொட்டு முனைகளைச் சேர்த்துக் காயும்வரை பிடித்துக்கொண்டாள். அம்மா விரல்களை அப்படியே வைத்திருந்தாள். பட்டை இப்போது அந்த வளையத்தைச் சுற்றிக் கச்சிதமாக உட்கார்ந்தது. ஃபூக் மாமா அதை லேசாக அசைத்துப் பார்த்தார். நகரவில்லை.

வெட்டிய நான்கு துண்டுகளையும் அவர் பொறுக்கினார். வந்தவர்களுக்குக் கொடுக்கிற வெள்ளை உறை ஒன்றை எடுத்து, உள்ளேயிருந்த மிட்டாயையும் காசையும் சீஹோ கையில் கொட்டிவிட்டு, துண்டுகளை அதில் போட்டு மடித்தார். கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் உறையையும் வைத்து, மூடி, இரண்டு கையாலும் நீட்டினார். மகன்தான் நெருப்பில் போடவேண்டும்.

"மீதிக் கண்ணியும் அண்ணனோடதுதான். தொலைச்சிடாம போடு."

சீஹோ இரண்டு கையாலும் வாங்கினான். மண்டபத்துக்குப் பின்னாலிருந்த எரிப்பு உலையில் மாடி வீடு ஏற்கெனவே தீப்பிடித்திருந்தது. வேலைக்காரி போய்விட்டாள், கார் வளைந்துகொண்டிருந்தது. அவன் பெட்டியை வீசவில்லை. சூடு தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எட்டும் மட்டும் கையை நீட்டி, உள்ளே வைத்தான். தங்கத்தாள் முதலில் சுருண்டது. லாய்குவான் மனதுக்குள், அப்பா, எண்ணமாட்டார்கள், கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். எரிக்கிற வேலைக்காரர் கம்பியால் தள்ளிவிட்டு உலைக் கதவைச் சாத்தினார். அடுத்த வண்டி முன்னால் வந்தது.

திரும்பி மண்டபத்துக்கு வந்தபோது அம்மா முக்காலியிலேயே இருந்தாள். ஒமேகாவும் பதேக்கும் பெட்டியோடு தரையில் கிடந்தன. ஃபூக் மாமா அவற்றைத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுவரோரம் ஒதுக்கி வைத்தார். கடைசியாகச் சிலர் வணங்க வந்தார்கள். லாய்குவானும் சீஹோவும் தரையில் உட்கார்ந்து பதில் வணக்கம் செய்தார்கள்.

மண்டபத்துப் பெண் ஒருத்தி தேநீர் கொண்டுவந்தாள். யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்குகிறவள் அம்மா. வலது கை மடியில் இருந்தது, கட்டைவிரலும் நடுவிரலும் இன்னும் சேர்ந்திருந்தன. தேநீரை இடது கையால் மட்டும் வாங்கிக்கொண்டாள்.